காவல் கூலி

2006-ஆம் வருடம் ஆகஸ்ட் 15. கம்பத்துப் பக்கம் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்த பள்ளியில், கொடியேற்றத்துக்கு ஊரில் இருந்த முன்னாள் படைவீரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு துண்டு, நாலு கலர் பாட்டில். மூன்று பேர் ராணுவம். நாலாவது ஆள் என் சித்தப்பா, கடற்படை.

ஒரு ஆசிரியர் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் அனுபவத்தைக் கேட்டார். முதலாமவர் இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர். அடுத்தவர் சியாச்சினில் பனிக்குள் இருந்ததைச் சொன்னார். மூன்றாமவர் கார்கில் சமயத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது நாங்கள் மண்ணில் உட்கார்ந்திருந்ததையே மறந்துபோனோம். அப்புறம் மைக் சித்தப்பாவிடம் வந்தது.

"நேவில, சப்மரின்ல இருந்தேன்."

"எந்தப் போர்ல சார் கலந்துக்கிட்டீங்க?"

"எதுலயும் இல்லீங்க சார்."

"எதிரி கப்பல் மேல டார்பிடோ எதுவும்..."

"பயிற்சியில மட்டுந்தான் சார்."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். ஆசிரியர் சமாளித்துக்கொண்டு, "கடலுக்கு அடியிலேயே இருந்திருக்கார், கை தட்டுங்க" என்றார். தட்டினோம், பாதி கையால். அன்றையிலிருந்து என் வகுப்புப் பையன்கள் சித்தப்பாவுக்கு வைத்த பெயர் 'முங்கு மாமா'.

திரும்பி வரும்போது டிவிஎஸ் 50-இன் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். அழுகையும் கோபமுமாகத்தான் கேட்டேன். "பதினஞ்சு வருசம் அங்க என்னதான் சித்தப்பா பண்ணுனீங்க?"

வண்டியின் வேகத்தைக் குறைக்காமல் சொன்னார்: "தயாரா இருந்தேன்டா."

பன்னிரண்டு வயதில் அது எனக்குப் பதிலாகவே படவில்லை. தயாராக இருப்பது ஒரு வேலையா? பரீட்சைக்குத் தயாராகி, பரீட்சையே எழுதாமல் வீட்டுக்கு வந்தவனை யாராவது பாஸ் என்று சொல்வார்களா?

*

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று இல்லை, தெரியாது. மேற்கே மலை, தாண்டினால் குமுளி. கிழக்கே மலை, மேலே மேகமலை. நடுவில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிற வயல், தென்னை, திராட்சைப் பந்தல். தண்ணீர் என்றால் எங்களுக்கு மலையிலிருந்து இறங்கி வருவது. பட்டாளத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு, ஆனால் அதெல்லாம் தரைப்படை. 1988-இல் சித்தப்பா நேவியில் சேர்ந்தபோது அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "நீச்சல் கெணத்துலதானடா பழகுன?" அவர் சப்மரினுக்குப் போன விஷயம் அப்பத்தாவுக்கு ரெண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். "கப்பல் முங்குனா ஆபத்துன்னு சொல்லுவாங்க, இவன் முங்குறதுக்குன்னே ஒரு கப்பல்ல ஏறியிருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததாம்.

லீவில் வரும்போது அவர் பெட்டியைத் திறந்தால் டீசல் வாடை அடிக்கும். அப்பத்தா எல்லாத் துணியையும் ரெண்டு தடவை துவைத்துக் காயப்போடும். அப்படியும் போகாது. வந்த முதல் ரெண்டு நாள் வாசல் கட்டிலில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அவரிடம் இருந்த மெடல்களை நான் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஒன்று, ஒன்பது வருட நெடுஞ்சேவைப் பதக்கம். இன்னொன்று, சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காகக் கொடுத்தது. "இதெல்லாம் அந்த நேரத்துல யூனிபார்ம்ல இருந்த எல்லாருக்கும் குடுக்குறதுடா" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டார். டப்பாவின் அடியில் பருத்தித் துணியில் தனியாக ஒன்று சுற்றியிருந்தது. இரண்டு டால்பின்கள், நடுவில் அசோகச் சின்னம். "இது?" என்றேன். "இது மட்டும் படிச்சு வாங்குனது" என்றார்.

*

2013 ஆகஸ்ட் 14 காலை. நான் மதுரையில் கல்லூரியில் இருந்தேன். மறுநாள் விடுமுறை என்று ஊருக்கு வந்திருந்தேன். டிவியில் மும்பை கடற்படைத் துறைமுகத்தில் தீப்பிழம்பு. ஐஎன்எஸ் சிந்துரக்ஷக். நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உள்ளே வெடிப்பு நடந்து, கட்டியிருந்த இடத்திலேயே மூழ்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் பதினெட்டுப் பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

சித்தப்பா வேலை பார்த்ததும் அதே வகைப் படகில்தான். (சப்மரின்காரர்கள் அதைக் கப்பல் என்று சொல்வதில்லை, 'போட்' என்றுதான் சொல்வார்கள்.) ரஷ்யாவில் கட்டியது. நீளம் எழுபத்திரண்டு மீட்டர் சொச்சம், அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அணிந்திருந்த சட்டையைக்கூட மாற்றாமல் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "விடிஞ்சா கெளம்புறதுக்கு ரெடியா இருந்திருக்குடா. ஆயுதம் ஏத்தி, ஆள் ஏத்தி. ரெடியா இருக்குற நேரந்தான் ரொம்பப் பயமான நேரம்."

அப்போதுதான் முதல்முறையாக எனக்கு உறைத்தது. 'தயாராக இருப்பது' என்றால் சும்மா இருப்பது என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். டன் கணக்கில் வெடிமருந்து, எரிபொருள், பேட்டரி எல்லாவற்றையும் ஒரு இரும்புக் குழாய்க்குள் அடைத்து, அதற்குள்ளேயே ஐம்பது பேர் தூங்கி எழுவதற்குப் பெயர்தான் அது.

ஆறு மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 26. சிந்துரத்னாவில் புகை. கபிஷ் முவால், மனோரஞ்சன் குமார் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் இறந்துபோனார்கள். மறைவுக்குப் பின் இருவருக்கும் சௌர்ய சக்ரா கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு சித்தப்பா மடித்து வைத்தார். "பேரு வெளிய வந்துருச்சு" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

*

2018 நவம்பர் கடைசியில் வேலை விஷயமாக விசாகப்பட்டினம் போனேன். ராமகிருஷ்ணா பீச்சில் ஐஎன்எஸ் குர்சுராவைக் கரையேற்றி அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். 1969 டிசம்பரில் படையில் சேர்ந்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. தொண்ணூற்றியொரு மீட்டர் நீளம். 1971 போர்க்காலத்தில் இருந்த முதல் நாலு சப்மரின்களில் ஒன்று.

டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும் போல இருந்தது. ஏழு பகுதிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வட்டமான ஓட்டை. முதலில் ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, உடம்பை இழுக்க வேண்டும். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கை. ஒரு படுக்கையில் நான் கையை நீட்டிப் பார்த்தேன், முழங்கை மடங்கியது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் பின்சீட் அகலம்கூட இல்லை. இதில் எழுபத்தைந்து பேர்.

வழிகாட்டியாக இருந்தவர் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர், தெலுங்கர். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். "என்ன டிரேட்?" என்றார். "சோனார்" என்றேன். அவர் முகம் மாறியது. கூட்டத்தை முன்னால் அனுப்பிவிட்டு என்னை மட்டும் சோனார் அறைக்கு முன்னால் நிறுத்தினார். அலமாரி மாதிரி ஒரு இடம். "சப்மரினுக்குக் கண் கிடையாது. அடியில் போய்விட்டால் இங்கே உட்கார்ந்திருப்பவனின் காதுதான் எல்லாம். உன் சித்தப்பா ஐம்பது பேருக்குக் காது" என்று இந்தியில் சொன்னார்.

நான் பதினைந்து வருடமாக அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இதை எனக்குச் சொல்வதற்கு விசாகப்பட்டினத்தில் யாரோ ஒருவர் தேவைப்பட்டார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், நவம்பர் 5 அன்று, ஐஎன்எஸ் அரிஹந்த் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்துவிட்டது என்று பிரதமர் அறிவித்திருந்தார். அணு ஏவுகணை தாங்கிய சப்மரின் அது. அதில் போய்வந்தவர்களை டெல்லிக்கு வரவழைத்துப் பாராட்டினார்கள். அறையில் உட்கார்ந்து அந்தப் பழைய செய்திகளைத் தோண்டிப் படித்தேன். எத்தனை நாள் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள், யார் யார் இருந்தார்கள், எதுவும் என் கண்ணில் படவில்லை. போனார்கள், எதுவும் நடக்கவில்லை, வந்தார்கள். அந்த 'எதுவும் நடக்கவில்லை'க்குத்தான் பாராட்டு.

யோசித்துப் பார்த்தால் உலகத்துக் கடற்படைகள் எல்லாமே இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டியிருக்கின்றன. பிரிட்டிஷ் சப்மரின்களில் ஒரு வழக்கம் உண்டு. எதிரிக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் திரும்பும்போது மண்டையோட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் வருவார்கள். 1914-இல் மேக்ஸ் ஹார்ட்டன் என்ற கமாண்டர் ஆரம்பித்து வைத்தது. அந்தக் கொடியைப் பார்த்தால் கரையில் நிற்கிற யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். ஆனால் மூழ்கடிக்காமலே திரும்புகிறவனுக்கு எந்தக் கொடி? அமெரிக்கர்கள் அதற்கு ஒரு எழுத்தைக் கண்டுபிடித்தார்கள். வருடம் முழுக்கச் சோதனை வைத்து, போருக்கு ஆகச் சிறப்பாகத் தயாராக இருந்த சப்மரின் எது என்று ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். 'பேட்டில் ஈ' என்று பெயர். அந்தப் படகின் கோபுரத்தில் ஆங்கில 'ஈ' எழுத்தை வரைந்துகொள்ளலாம், உள்ளே இருப்பவர்கள் சட்டையில் ஒரு ரிப்பன் குத்திக்கொள்ளலாம். நம் கடற்படையிலும் யூனிட்டுகளுக்குத் தளபதியின் சைட்டேஷன் உண்டு. 2017 டிசம்பர் 8 அன்று, முதல் கல்வரி படையில் சேர்ந்து சரியாக ஐம்பது வருடம் ஆனபோது, மொத்த சப்மரின் பிரிவுக்கும் குடியரசுத் தலைவரின் கொடியை விசாகப்பட்டினத்தில் வைத்துக் கொடுத்தார்கள். பிரிவுக்குக் கிடைத்தது. ஊரில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஆளுக்கு அதில் எத்தனை நூல் சேரும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

*

2019 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது குர்சுராவுக்குள் போய்வந்ததைச் சொன்னேன். சித்தப்பா சிரித்தார். "படுத்துப் பாத்தியா?" என்றார். "விடலை" என்றேன். அன்று இரவு தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே அதிக நேரம் அவர் பேசினார்.

ரகசியம் எதுவும் சொல்லவில்லை. எந்தக் கடல், எந்த ஆழம், எதற்கு அருகில் என்று கேட்டால் இன்றும் பேச்சை மாற்றிவிடுவார். கார்கில் நடந்த 1999 கோடையில் நேவியின் கப்பல்கள் அரபிக் கடலில் நின்றது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வருடம் அவரிடமிருந்து ரொம்ப நாளைக்குக் கடிதம் இல்லை என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்தத் தடவ வந்தப்ப ஊர்ல பந்தல் போட்டு ஆர்மிக்காரங்களுக்கு மால போட்டாங்க. நானும் போய்க் கை தட்டுனேன்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் சத்தங்களைப் பற்றிச் சொன்னார். ஆழமில்லாத கடலில் ஒரு வகை இறால் இருக்கிறதாம், கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். ஹெட்போனில் கேட்டால் எண்ணெய்ச் சட்டியில் வடகம் பொரிகிற மாதிரியே இருக்குமாம். "மொத தடவ கேட்டப்ப அம்மா அடுப்படி ஞாபகம் வந்து அழுகாச்சி வந்துருச்சுடா." ஒரு கப்பல் தூரத்தில் போனால் அதன் விசிறி தண்ணீரை வெட்டுகிற தாளத்தை எண்ணி, அது சரக்குக் கப்பலா போர்க்கப்பலா, எவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போதே அவர் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. இருட்டில் எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "அது வடக்குத் தோட்டத்து அஞ்சு எச்பி. பேரிங் போகப்போகுது, சொல்லணும் அவருட்ட" என்றார்.

அந்த டால்பின் பேட்ஜ் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொன்னார். சமையல்காரராக இருந்தாலும் சரி, எலக்ட்ரீஷியனாக இருந்தாலும் சரி, படகில் இருக்கிற ஒவ்வொரு வால்வும் எங்கே இருக்கிறது, திறந்தால் என்ன ஆகும், மூடினால் யார் சாவார்கள் என்று தெரிய வேண்டும். இருட்டில் கை வைத்துக் காட்ட வேண்டும். பிறகு மொத்தக் குழுவுக்கும் சோதனை. 'வொர்க்கப்' என்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு, இங்கே தீ என்பார்கள், அங்கே தண்ணீர் புகுந்துவிட்டது என்பார்கள், முகமூடியைப் போட்டுக்கொண்டே டார்பிடோவைச் சுடச் சொல்வார்கள். ஒருத்தன் தப்புச் செய்தால் ஐம்பது பேரும் பெயில்.

"பாஸ் பண்ணுனா என்ன குடுப்பாங்க சித்தப்பா?"

"என்ன குடுப்பாங்க? கடலுக்கு அனுப்புவாங்க."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. நான் அந்த 2006-ஐ எடுத்தேன். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டுருக்கக் கூடாது சித்தப்பா" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி வேறு எதையோ ஆரம்பித்தார். "நம்ம திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு காவக்காரத் தாத்தா இருந்தாரே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பன்னீர்த் திராட்சை கறுக்க ஆரம்பித்தால் அந்தத் தாத்தா பந்தலுக்கு அடியிலேயே குடியேறிவிடுவார். ஒரு டார்ச், ஒரு தகர டப்பா, பறவைக்கு ஒரு கவண். ராத்திரி முழுக்க டப்பாவைத் தட்டிக்கொண்டே சுற்றுவார்.

"ஒரு வருசம் ஒரு கொத்துக்கூடக் களவு போகல. வெட்டு முடிஞ்சு கணக்குப் பாக்குறப்ப எங்கப்பா சொன்னாரு, 'இந்த வருசந்தான் திருடனே வரலையே, அந்தாளு சும்மாதான படுத்துக் கெடந்தாரு, கூலியக் கொறச்சுக் குடுப்பமா'ன்னு. அம்மா வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டு வந்துச்சு. 'திருடன் வரலன்னா அவரு முழிச்சிருந்தாருன்னு அர்த்தம். முழுசாக் குடு. மேல ரெண்டு மரக்கா நெல்லும் சேத்துக் குடு'ன்னுச்சு."

பீடி பற்றவைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒன்று பற்றவைத்திருப்பார்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சுடா. அது போதும்னு இருந்துட்டேன்."

*

அதற்குப் பிறகு ஒரு நண்பன் கல்யாணத்துக்காகத் திசையன்விளை போகும்போது, இரவில் நாங்குநேரிப் பக்கம் வானத்தில் சிவப்பு விளக்குகளைப் பார்த்தேன். விஜயநாராயணத்தில் இருக்கிற ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990 அக்டோபரில் தொடங்கிய தளம். நடுவில் நிற்கிற கோபுரம் மட்டும் 471 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான கட்டுமானம் அதுதான். கடலுக்கடியில் இருக்கிற சப்மரின்களுக்குச் செய்தி அனுப்புவதற்கு. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் நுழையாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் சில பத்து மீட்டர் ஆழத்துக்குப் போகும். அங்கிருந்து கிளம்புகிற ஒரே ஒரு அலையின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறையக் கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும்.

உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "ஆமாடா. செய்தி நம்ம திருநெல்வேலிச் சீமையில இருந்துதான் வரும். நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம். திருப்பிப் பதில் பேச முடியாது, பேசுனா இருக்குற எடம் தெரிஞ்சுரும்" என்றார். எத்தனையோ நாள் அப்பத்தா வாசலில் உட்கார்ந்து, "எங்குட்டு இருக்கானோ" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பனங்காட்டிலிருந்து அவருக்குச் செய்தி போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பதில் சொல்லாமல் இருப்பதுதான் அவர் வேலை.

*

2025 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல். எங்கள் பள்ளத்தாக்கில் அன்றைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பென்னிகுவிக் பிறந்த நாள். 1895-இல் அவர் கட்டி முடித்த அணையின் தண்ணீரைத்தான் இன்றும் குடிக்கிறோம். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கக் கூட்டம் கூட்டமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் நன்றியில் குறை வைக்காத ஊர். இங்கிலாந்துக்காரரின் படத்தைச் சாமி படத்தோடு மாட்டிவைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆனால் அணை கண்ணுக்குத் தெரிகிறது.

நாங்கள் கிளம்பும்போது சித்தப்பா வரவில்லை என்றுவிட்டார். டிவியில் மும்பையிலிருந்து நேரலை. அன்றைக்கு மூன்று கலங்களைப் படையில் சேர்த்தார்கள், அதில் ஒன்று வாக்ஷீர், புதிய கல்வரி வகையில் ஆறாவதும் கடைசியுமான சப்மரின். வெள்ளை உடுப்பில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மகள், ஏழு வயது, கரும்பைக் கடித்தபடி அவர் மடியில் சாய்ந்தாள். "தாத்தா, நீங்க இதுக்குள்ளயா இருந்தீங்க?"

"இது மாதிரி ஒண்ணுல."

"உள்ள என்ன பண்ணுனீங்க?"

நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "ராத்திரி பகலா முழிச்சு, தயாரா இருந்தாரு பாப்பா."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றாள் அவள், அவரைப் பார்த்து.

"அப்புறம் என்ன," என்று அவர் அவள் கையிலிருந்து கரும்புச் சக்கையை வாங்கிக்கொண்டார். "ஒண்ணும் நடக்கல."